கல்லூரிக் குறும்படத்துக்கு யுஏ 13+ போதுமா, ஏ வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு மாணவர். 19 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறீர்கள். பள்ளி விடுதியொன்றில் பதினோராம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலர் தொடர்ந்து சீண்டி அவமானப்படுத்துகிறார்கள். மொட்டை மாடியில் பீரும் சிகரெட்டுமாக ஒரு காட்சி உண்டு. கெட்ட வார்த்தைகள் எட்டு இடங்களில் வருகின்றன. கடைசியில் அந்தப் பையன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்படுகிறான். வழிகாட்டிப் பேராசிரியர் ‘ஏ’ போடச் சொல்கிறார், நண்பர்கள் ‘யுஏ 13+’ போதும் என்கிறார்கள், போஸ்டரில் எதை அச்சிடுவது என்பது உங்கள் குழப்பம். இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: அப்படி அச்சிட உங்களுக்கு உரிமை உண்டா, தணிக்கைக்குப் போனால் என்ன கிடைக்கும், இந்தப் படத்தை யார் பார்க்க வேண்டுமென்று எடுத்தீர்கள். மூன்றாவதற்கு விடை தெரிந்தால்தான் மற்ற இரண்டும் பயன்படும். ஆனால் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். படங்களுக்குச் சான்றிதழ் தரும் வாரியத்தின் சென்னை மண்டல அலுவலக ஆலோசனைக் குழுவில் இரண்டு முறை உறுப்பினராக இருந்து படங்கள் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் கல்லூரிகளில் படத்தொகுப்பு கற்பித்து வருகிறேன். யுஏ பிரிவு மூன்றாக உடைவதற்கு முன்பே என் பணிக்காலம் முடிந்துவிட்டது. ஆகையால் புதிய பிரிவுகளைப் பற்றி நான் சொல்பவற்றில் சட்ட வாசகம் உறுதியானது, ஒரு குறிப்பிட்ட படம் எந்தப் பிரிவில் விழும் என்பது என் அனுமானம். நான் வழக்கறிஞரும் அல்ல. குழுவில் நடந்த விவாதங்களை வெளியே சொல்வது முறையில்லை என்பதால் உதாரணங்களை என் வகுப்பறையிலிருந்தே எடுக்கிறேன்.

உறுதியானவற்றை முதலில் சொல்கிறேன். நாம் பழக்கத்தில் ‘சென்சார்’ என்று சொன்னாலும், 1983 முதல் அதன் பெயர் மத்திய திரைப்படச் சான்றிதழ் வாரியம். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின்படி இந்தியாவில் பொதுமக்களுக்குத் திரையிடப்படும் படம், ஒன்றரை நிமிட விளம்பரமானாலும் மூன்று மணி நேரப் படமானாலும், வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். தொடக்கத்தில் யு (எல்லோரும் பார்க்கலாம்), ஏ (18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும்) என இரண்டே பிரிவுகள் இருந்தன; 1983இல் யுஏவும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட தொழிலினருக்கான எஸ் பிரிவும் சேர்ந்தன. அப்போதைய யுஏ, 12 வயதுக்குட்பட்டவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலுடன் பார்க்கலாம் என்பதைக் குறித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என மூன்றாகப் பிரித்தது. அதற்கான விதிகள் 2024 மார்ச்சில் வெளியாயின. இந்த மூன்றும் பெற்றோருக்கும் காப்பாளருக்கும் சொல்லப்படும் ஆலோசனை மட்டுமே. திரையரங்கு வாசலில் நிற்பவர் யுஏ 16+ படத்துக்கு வந்த 14 வயதுப் பையனைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ‘ஏ’ அப்படிப்பட்டதன்று. 18 வயது நிரம்பாத ஒருவரை உள்ளே விடுவது சட்டத்தை மீறுவதாகும். ஆகவே யுஏ 16+ பிரிவுக்கும் ஏ பிரிவுக்கும் இடையே இருப்பது இரண்டு வயது இடைவெளி என்று எண்ணிவிடாதீர்கள். முன்னது அறிவுரை, பின்னது பூட்டு.

இதிலிருந்தே போஸ்டர் பற்றிய கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. இந்தப் பிரிவுகளில் ஒன்றை வழங்கும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டுமே உண்டு. தயாரிப்பாளரோ பேராசிரியரோ தாமே வழங்கிக்கொள்ள முடியாது. சான்றிதழ் பெறாத படத்தின் போஸ்டரில் ‘யுஏ 13+’ என்று அச்சிட்டால், வாரியம் பார்த்து அனுமதித்த படம் என்று காண்பவர் நம்பிவிடுவார். இதைவிட மோசமான பழக்கம் ஒன்று மாணவர்களிடையே பரவியிருக்கிறது: உண்மையான சான்றிதழ் அட்டையை இணையத்திலிருந்து எடுத்து, பெயரையும் நிமிடத்தையும் மாற்றித் தம் படத்தின் முன்னால் பத்து வினாடி ஓடவிடுவது. பார்க்கப் பெரிய படம்போல் இருக்கிறது என்பதுதான் காரணம் என்று என் மாணவர் ஒருவரே ஒப்புக்கொண்டார். அரசு ஆவணத்தைப் போலியாகச் செய்வது விளையாட்டுக் காரியம் இல்லை என்று சொல்லி, நான் மதிப்பெண் போடுவதற்கு முன்பே அதை எடுக்கச் செய்தேன். நீங்கள் செய்யக்கூடியது எளிது: வாரியத்தின் குறிகளைப் பயன்படுத்தாமல், ‘13 வயதுக்கு மேற்பட்டோர் பார்க்கலாம் என்பது படக்குழுவின் பரிந்துரை’ என்று முழு வாக்கியமாகத் தமிழில் எழுதுங்கள்.

உங்களுக்குச் சான்றிதழ் தேவையா என்பது படம் எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தது. திரையரங்கில் டிக்கெட் போட்டுத் திரையிடுவதானால் தேவை. திரைப்பட விழாக்களுக்கு, விழா நடத்துவோர் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குப் பெறும் வழி இருக்கிறது. அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் கேட்டு உறுதிசெய்துகொண்டால் போதும். யூடியூபில் ஏற்றுவதற்கு வாரியச் சான்றிதழ் வேண்டாம். 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் ஓடிடி தளங்கள் தாமே வயது வகைப்படுத்த வேண்டும் என்கின்றன. வணிக நோக்கமோ தொழில்முறையோ இல்லாமல் படம் ஏற்றும் தனிநபரை அவை அந்தக் கடமையிலிருந்து விலக்கியிருக்கின்றன. தெளிவில்லாத இடம், கல்லூரி அரங்கில் பெற்றோரையும் ஊராரையும் அழைத்து இலவசமாகத் திரையிடுவதுதான். உள்ளே இருப்பவர்கள் வகுப்பு மாணவர்களும் தேர்வாளர்களும் மட்டுமென்றால் அது பாடத்தின் பகுதி என்று துணிந்து சொல்வேன். வாசலில் பேனர் கட்டி யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் அது பொதுத் திரையிடல் இல்லை என்று என்னால் உறுதி கூற இயலாது. அப்படி ஓர் எண்ணம் இருந்தால் கல்லூரி நிர்வாகத்தின் மூலமாகச் சட்ட ஆலோசனை பெற்றுவிடுங்கள்.

இனி, எந்த வயது பொருத்தம் என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஒரு குறும்படத்தின் கதையைச் சொல்லாமல் முடியாது. இயக்குநர் கே. ஏ. அப்பாஸ் 1968இல் சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்து 16 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுத்தார். பம்பாயின் சிவப்பு விளக்குப் பகுதியைக் காட்டும் காட்சிகள் அதில் இருந்தன. வாரியம் அதற்கு ‘ஏ’ தந்தது. அவர் ‘யு’ கேட்டார். அந்தக் காட்சிகளை வெட்டினால் யு தருவதாகச் சொன்னார்கள்; அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அரசு இறங்கிவந்து, வெட்டு எதுவுமின்றி யு தர ஒப்புக்கொண்டது. ஒரே படம், ஒரே 16 நிமிடம், ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை, ஏ யுவாகிவிட்டது. முன்தணிக்கை என்ற ஏற்பாடே அரசியலமைப்புக்கு முரணானது என்ற அவருடைய பெரிய வாதத்தை 1970இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு ஏற்கவில்லை. ஆனால் அதே தீர்ப்பில், பாலியல் வன்முறை, நோய், ஒழுக்கக்கேடு போன்றவை ஒரு படத்தில் இடம்பெறுவதாலேயே கத்தரிக்கோல் வரக்கூடாது, படைப்பாளர் அவற்றை எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பதையே பார்க்க வேண்டும் என்ற கருத்தும் இருக்கிறது. வாரியம் இன்றும் சார்ந்திருக்கும் 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் படத்தை முழுமையாக எடுத்துக்கொண்டு அதன் மொத்தத் தாக்கத்தை வைத்தே முடிவு செய்யச் சொல்கின்றன. ‘தற்கொலை வருகிறதா, அப்படியானால் ஏ’ என்று உங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தால் அது சரியான வழியில்லை. ‘ரத்தமே காட்டவில்லை, ஆகவே 13+’ என்று நண்பர்கள் சொல்வதும் அதே தவறுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் வகுப்பில் இரண்டு மாணவிகள் அடுத்தடுத்து, குடித்துவிட்டு வந்து அடிக்கும் தகப்பனைப் பற்றிப் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் உதடு கிழிந்து, நெற்றியில் ரத்தம் வழிந்து, எல்லாமே தெரிந்தது. ஒப்பனை கொஞ்சம் மிகை. இரண்டாவது படத்தில் அடி எதுவும் திரையில் இல்லை. மூடிய கதவுக்கு வெளியே ஏழு வயதுச் சிறுமி டிபன் பாக்ஸை மூடித் திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள். உள்ளே பாத்திரம் உருளும் ஒலி. பார்த்தவர்களில் பலர் இரண்டாவது படம் முடிந்தபின் எழுந்திருக்கவில்லை. எதைச் சிறுவர்களுக்குக் காட்டத் தயங்க வேண்டும் என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன், அது சிறந்த படம் என்பதாலேயே. காட்டப்பட்டது எவ்வளவு என்ற அளவுகோலால் வயதை நிர்ணயிக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

உங்கள் படத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கெட்ட வார்த்தைகளில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் எண்ணுகிறார்கள். எட்டு என்ற எண்ணிக்கைக்குப் பெரிய பொருள் இல்லை. விடுதிப் பையன்கள் தமக்குள் அலுப்பில் உதிர்க்கும் சொல் வேறு, ஒருவனைச் சுவரோடு நிறுத்தி அவன் தாயைப் பற்றிச் சொல்லும் சொல் வேறு. முன்னது பேச்சு, பின்னது அடி. சாதியைச் சுட்டும் இழிசொல் ஏதேனும் அந்த எட்டில் இருந்தால் அதைத் தனியாக எடுத்து யோசியுங்கள், ஏனெனில் அது வயது வரம்பு சார்ந்த விஷயமாகவே இருக்காது. சாதி, மதப் பிரிவினரை இழிவுபடுத்தும் சொற்களுக்கு வழிகாட்டு நெறிகளில் தனி இடம் உண்டு, கதைக்கு அது இன்றியமையாதது என்று நீங்கள் நிலைநாட்ட வேண்டியிருக்கும். இன்னொன்று, ஒலியில் மியூட் செய்துவிட்டு சப்டைட்டிலில் அதே வசவை அப்படியே விட்டுவைக்கும் படங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். எழுத்தும் படத்தின் பகுதிதான்.

மொட்டை மாடிக் காட்சியில் இருப்பவர்கள் பள்ளி மாணவர்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்கு முன் மது வாங்கவே முடியாது என்றாலும், 17 வயதுப் பையன்கள் குடிப்பதைக் காட்டுவதில் தவறில்லை, அது நடப்பதுதான். அதை எந்தப் பார்வையில் காட்டுகிறீர்கள் என்பதே கேள்வி. ஸ்லோமோஷன், பின்னணியில் துள்ளல் இசை, நிலா வெளிச்சத்தில் பாட்டில் மின்னுவது என்று போனால் ‘மது நாட்டுக்கு, வீட்டுக்கு, உயிருக்குக் கேடு’ என்று கீழே வரி ஓடவிட்டாலும் பயனில்லை. சிகரெட்டைப் பொறுத்தவரை என் ஆலோசனை நடைமுறை சார்ந்தது: சான்றிதழ் பெற்றுத் திரையிடும் எண்ணமிருந்தால் எடுத்துவிடுங்கள். புகையிலை விதிகளின்படி 30 வினாடி விழிப்புணர்வுக் காட்சியும் 20 வினாடி எச்சரிக்கையும் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை வர வேண்டும். புகைக்கும் நேரமெல்லாம் திரையின் அடியில் எழுத்தும் ஓட வேண்டும். மூன்று மணி நேரப் படம் அதைத் தாங்கிக்கொள்ளும். 19 நிமிடப் படத்தில் 100 வினாடி போய்விட்டால், அதுவும் நடுவில் அறுந்தால், நீங்கள் கட்டியெழுப்பிய இறுக்கம் என்ன ஆவது?

சீண்டல் காட்சிகளில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேமரா யாருடைய உயரத்தில், யாருடைய பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அவமானப்படுத்துபவர்களின் சிரிப்பில் பார்வையாளரும் கலந்துகொள்ளும்படி காட்சி அமைந்திருந்தால், உங்கள் நோக்கம் எதுவானாலும், ஒரு 13 வயதுப் பையன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு மறுநாள் வகுப்பில் செய்து பார்க்கக்கூடும். உடையைக் களையச் செய்யும் காட்சி ஏதேனும் இருந்தால், நடித்தவர் 18 வயது நிரம்பியவரா என்பதை வயது வரம்பு பற்றி யோசிப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிரம்பாதவர் என்றால் அந்தக் காட்சியை எந்தப் பிரிவும் காப்பாற்றாது; நீக்கிவிடுவது ஒன்றே வழி.

முடிவுக் காட்சி பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மேலே சொன்ன 2021ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில், சிறுவர்களும் இளைஞர்களும் பார்த்துச் செய்துவிடக்கூடிய ஆபத்தான செயல்கள், தற்கொலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் உட்பட, இடம்பெற்றால் உயர்ந்த வயதுப் பிரிவு தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது ஓடிடிக்கு எழுதப்பட்டதானாலும், யார் வகைப்படுத்தினாலும் எண்ணம் அந்த வழியிலேயே போகும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைத்துறையினருக்கென்றே வெளியிட்ட கையேடும் முறையையும் இடத்தையும் கருவியையும் காட்டாதீர்கள், அதை ஒரு தீர்வாகச் சித்திரிக்காதீர்கள், மீண்டுவந்தவர்களையும் உதவி கேட்பதையும் காட்டுங்கள் என்று கூறுகிறது. நீங்கள் பையனைக் காப்பாற்றியிருப்பது நல்ல முடிவு. ஆயினும் முயற்சியை ஆயத்தத்திலிருந்து படிப்படியாகக் காட்டியிருந்தால் அதை முழுமையாக வெட்டச் சொல்வேன். ஒரு காலி கட்டில், விடுதிக் காப்பாளர் ஓடும் காலடி ஓசை, மருத்துவமனை வராந்தா என்று தாவினால் கதை சிறிதும் குறையாது. என் அனுபவத்தில் கூடவே செய்யும். அந்தச் சீண்டலைச் செய்தவர்கள் அழுது மன்னிப்புக் கேட்கும் காட்சி ஏதேனும் வைத்திருந்தால் அதையும் நீக்குங்கள். ‘நான் இப்படிச் செய்தால்தான் அவர்களுக்குப் புத்தி வரும்’ என்ற எண்ணத்தை அது இளம் மனத்தில் விதைத்துவிடும். பலரும் தீங்கற்றது என்று கருதும் அந்தக் காட்சியே என் கணக்கில் படத்தில் மிக ஆபத்தானது.

இப்போது என் தீர்ப்பைக் கேட்டால், நீங்கள் விவரித்த வடிவிலேயே இருந்தால் இது 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான படம். முயற்சிக் காட்சியை மேற்சொன்னவாறு மாற்றி, தாயைப் பற்றிய வசவை மட்டும் குறைத்து, மாடிக் காட்சியின் கவர்ச்சியை இறக்கினால் 13 வயதுக்கு மேற்பட்டோர், அதுவும் பெரியவர் ஒருவர் உடனிருந்து, பார்க்கலாம் என்பேன். ‘ஏ’ தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. படத்தை நான் பார்க்காமல் சொல்கிறேன் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பேராசிரியரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்; பாதுகாப்புக்காக மேலே ஒரு படி போடச் சொல்வது இயல்பு. ஆனால் அந்தப் படி ஒரு விலை கேட்கிறது. பதினோராம் வகுப்பு மாணவனுக்கு நேர்வதைப் பற்றிய படத்தை எந்தப் பதினோராம் வகுப்பு மாணவனும் பார்க்க முடியாமல் போய்விடும். எந்தப் பள்ளியும் திரையிடாது. உங்கள் கதாநாயகனாக நடித்தவர் 17 வயதுக்காரர் என்றால் அவரே அரங்குக்குள் வர முடியாது. இதனால்தான் யார் பார்க்க வேண்டுமென்று எடுத்தீர்கள் என்று முதலிலேயே கேட்டேன். விடுதிக் காப்பாளர்களும் பெற்றோரும் பார்க்க வேண்டுமென்றால் 16+ வடிவத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். மாணவர்கள் பார்க்க வேண்டுமென்றால் 13+ நோக்கி வெட்டுங்கள். படத்தின் வீரியத்தை நிரூபிக்க உயர்ந்த எண் வேண்டும் என்ற ஆசை இளம் இயக்குநர்களுக்கு வருவதுண்டு. எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். படக்குழுவுக்குச் சம்பந்தமில்லாத மூவருக்கு, தனித்தனியாக, எந்த முன்னுரையும் தராமல் படத்தைக் காட்டுங்கள்: பதின்வயதுப் பிள்ளையின் தாய் அல்லது தந்தை ஒருவர், மேல்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பள்ளியிலோ மருத்துவமனையிலோ மனநல ஆலோசகராக இருக்கும் ஒருவர். பார்த்த உடனே கருத்துக் கேட்காதீர்கள், மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். மறுநாள் தொலைபேசியில், எந்தக் காட்சி நினைவில் நிற்கிறது, எத்தனை வயதுப் பிள்ளைக்கு இதைக் காட்டுவீர்கள் என்று இரண்டு கேள்விகள் மட்டும் கேளுங்கள். மூவரும் சொல்லும் வயதுகளில் மிகக் குறைந்ததை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் வைத்து யோசியுங்கள்.

பின்னாளில் சான்றிதழுக்கே போவதென்றால், விண்ணப்பம் இப்போது இ-சினிபிரமாண் என்ற இணையவாசல் வழியே நடக்கிறது. நீங்கள் சென்னை மண்டல அலுவலகத்தின் கீழ் வருவீர்கள். 72 நிமிடத்துக்குட்பட்டதைக் குறும்படமாகக் கொள்கிறார்கள். நீண்ட படத்துக்கு உட்காரும் குழுவைவிடக் குறும்படத்துக்கான குழு சிறியது, என் காலத்தில் ஓர் அதிகாரியும் ஓர் உறுப்பினரும்தான். படம் முடிந்ததும் உங்களை உள்ளே அழைத்துப் பேசுவார்கள். அப்போது வாதாடத் தொடங்காமல், ஒவ்வொரு காட்சியும் ஏன் அந்த நீளத்தில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்திருந்தால் பெரிதும் உதவும். கிடைத்த பிரிவில் உடன்பாடில்லையென்றால் மறுஆய்வுக் குழுவைக் கேட்கலாம். அதற்குமேல் முன்பிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் ஒழிக்கப்பட்டுவிட்டதால் உயர் நீதிமன்றம்தான். ஒரு மாணவர் அதுவரை போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பினால் நம் எண்கள் அங்கே செல்லாது. பிரிட்டனில் 12ஏ, 15, 18 என்றும் சிங்கப்பூரில் பிஜி13, என்சி16, எம்18 என்றும் அவரவருக்கு ஓர் அடுக்கு உண்டு.

யூடியூபைப் பொறுத்தவரை ஒரு சிக்கல்: அங்கே நீங்கள் வைக்கக்கூடிய வயதுக் கட்டுப்பாடு 18 மட்டுமே, இடைப்பட்ட படிகள் இல்லை. அதை வைக்காமல், ‘குழந்தைகளுக்கானது அல்ல’ என்ற தெரிவை மட்டும் வைத்து, வயதுப் பரிந்துரையைப் படத்தின் முதல் அட்டையிலும் விளக்கக் குறிப்பின் முதல் வரியிலும் எழுதுங்கள். எண்ணை மட்டும் எழுதாமல் காரணத்தையும் சேருங்கள்: ‘16 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பரிந்துரைக்கிறோம். விடுதித் துன்புறுத்தல், வசைச்சொற்கள், தற்கொலை முயற்சி பற்றிய குறிப்பு ஆகியவை இதில் உள்ளன.’ அந்த அட்டை ஆறு வினாடியாவது நிற்கட்டும், மூன்று வினாடியில் யாரும் படிப்பதில்லை. படம் முடிந்ததும், பெயர்ப் பட்டியல் ஓடுவதற்கு முன், மனநல உதவிக்கான டெலி-மானஸ் 14416 என்ற எண்ணையும் தமிழக அரசின் 104 என்ற உதவி எண்ணையும் கறுப்புத் திரையில் இசையில்லாமல் காட்டுங்கள்.